சத்துவாச்சாரி குரங்குகளைப் பிடித்து அமிர்தி காட்டில் விடுவது தீர்வா?

மலையடிவாசி (சத்துவாச்சாரி):

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெரு மலையை ஒட்டியது. குரங்கு வருவது புதிதல்ல, ஆனால் இந்த வருஷம் தாங்க முடியவில்லை. சின்டெக்ஸ் மூடியைத் திறந்து உள்ளே இறங்கிக் குளிக்கின்றன. கேபிள் வயரில் தொங்கி அறுத்துப் போடுகின்றன. போன மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டி மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கடுவன் (ஆண் குரங்கு) சீறிக்கொண்டு வந்தது. அவர் பின்வாங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இன்னும் படுத்த படுக்கையாக இருக்கிறார்.

குடியிருப்போர் சங்கத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, கூண்டு வைத்துப் பிடிக்கும் ஆட்களை வெளியூரிலிருந்து வரவழைக்கப் பேசி முடித்துவிட்டார்கள். பிடித்ததை ராத்திரியோடு ராத்திரியாக அமிர்தி பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் பாட்டியின் மகன் "அப்போ வேற என்னதான் வழி?" என்று கேட்டால் சொல்ல என்னிடம் பதிலும் இல்லை.

அதைவிட அவசரம் ஒன்று. இன்று காலை டிரான்ஸ்ஃபார்மரில் அடிபட்ட பெண் குரங்கு ஒன்று எதிர்வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. வலது கை விரல்கள் கருத்திருக்கின்றன. வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவை மதில் மேல் உட்கார்ந்துகொண்டு யாரையும் கிட்ட விடவில்லை. யாரிடம் சொல்வது, அதுவரை என்ன செய்வது?

குடியாத்தம் டாக்டர் (ஓய்வு, கால்நடை):

முதலில் அடிபட்டதைப் பார்ப்போம். வனச்சரக அலுவலகத்துக்கு உடனே போன் செய்யுங்கள். 1962-க்குக் கூப்பிட்டால் வரும் வண்டி ஆடு மாடுகளுக்கானது. காட்டு விலங்கு என்றால் வனத்துறைதான். வலையும் கூண்டும் அவர்களிடம் இருக்கும், கால்நடை மருத்துவரையும் அவர்களே அழைத்துக்கொள்வார்கள். அதுவரை தெருவில் கூட்டம் சேர விடாதீர்கள், நாய்களைக் கட்டிப் போடுங்கள். ஒரு தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறும். குட்டியைப் பிரித்தெடுக்க யாரும் கை நீட்டக் கூடாது. தாய்க்குத் தெம்பில்லாவிட்டாலும் மதில் மேல் இருப்பவை பாயும்.

மின்சாரக் காயம் வெளியே தெரிவதைவிட உள்ளே பெரிது. கை வழியாக ஓடும்போது ரத்தக் குழாய்களையே சுட்டுவிடும். முதல் நாள் விரல் மட்டும் கருத்திருக்கும். அடுத்தடுத்த நாட்களில் உள்ளங்கை, மணிக்கட்டு என்று சதை செத்துக்கொண்டே மேலே போகும். "விரல்தானே" என்று களிம்பு தடவி அனுப்பினால் சீக்கிரமே புழு வைத்துவிடும். ரத்த ஓட்டம் எதுவரை இருக்கிறது என்று தெளிவான பிறகு, நல்ல சதையில் வெட்டித் தைப்பதுதான் வைத்தியம். குரங்குக்குக் கட்டுப் போட்டுப் பயனில்லை, பிய்த்து எறிந்துவிடும். வெளியே தையல் போட்டால் நகத்தால் ஒவ்வொன்றாக நெம்பி உருவிவிடும். அதனால் தானே கரையும் நூலால் தோலுக்கு அடியில் ஓட்டித் தைப்போம். வெளியில் முடிச்சே தெரியக் கூடாது. ஒரு கை போன குரங்கு நன்றாகவே பிழைக்கும். மரம் ஏறும், குட்டியும் வளர்க்கும். ஏலகிரி மலைப்பாதையில் அப்படிப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

யாரையாவது கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அப்புறம் நேரே மருத்துவமனை. நாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசியேதான் குரங்குக் கடிக்கும். ரத்தம் வந்திருந்தால் காயத்துக்குள்ளேயே போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். "குரங்குதானே" என்று விட்டுவிடக் கூடாது.

சங்கத்து விஷயத்துக்கு ராத்திரி வருகிறேன்.

ராணிப்பேட்டை வக்கீல்:

டாக்டர் சார் மருத்துவம் சொல்லிவிட்டார். நான் சட்டம் சொல்கிறேன். நம் ஊர் நாட்டுக்குரங்கு 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டப்படி கூண்டு வைத்துப் பிடிப்பதும் கண்ணி வைப்பதும் வேட்டையாடுவதில் அடங்கும், 9-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. சங்கம் தீர்மானம் போட்டாலும், பணம் வசூலித்து ரசீது கொடுத்தாலும், தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் செய்தால் அது குற்றம். பிடிக்க வந்த ஆட்கள் மட்டுமல்ல, வரவழைத்தவர்களும் மாட்டுவார்கள். தலைவர், செயலாளர் பெயரெல்லாம் முதல் தகவல் அறிக்கையில் ஏறும்.

அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. 12-ஆம் பிரிவின்படி, கொல்லாமல், விஷம் வைக்காமல், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவும், தகுந்த இடத்துக்கு மாற்றவும் அனுமதி தரலாம். முறையாக மாவட்ட வன அலுவலருக்கு மனு கொடுங்கள்.

காயம்பட்டதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நல்ல மனசோடு நினைப்பவர்களுக்கும் ஒன்று. காட்டு விலங்கு அரசின் சொத்து. எப்படிக் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்தாக வேண்டும். 39-ஆம் பிரிவு.

பேரணாம்பட்டு கடலைக்காடு:

சட்டம் பேசுகிறவர்கள் ஒரு வாரம் என் நிலத்தில் வந்து உட்காருங்கள். கடலை பால் பிடிக்கிற நேரத்தில் வரிசையாகச் செடியைப் பிடுங்கி, ரெண்டு காய் தின்றுவிட்டு எறிந்துவிட்டுப் போகும். தென்னையில் குரும்பையைத் திருகிப் போடும். மா பிஞ்சாக இருக்கும்போதே கடித்துத் துப்பும். யானை வந்தால் நிவாரணம் என்று கேட்க முடிகிறது, குரங்குக்கு யாரிடம் போய் நிற்பது? டவுனில் இருப்பவர்கள் பிடித்துக் காட்டில் விட்டால் அந்தக் காடு எங்கே இருக்கிறது? எங்கள் நிலத்துக்குப் பின்னால்தான். உங்கள் தெருக் குரங்குக்கு நாவல் மரமும் அத்தி மரமும் தெரியாது. மாடிக்கு ஏறத் தெரியும், பையைப் பிடுங்கத் தெரியும். இறக்கிவிட்ட மறுநாளே அடிவாரத்துக் குடிசைக்குள் நுழைகிறது. அமிர்தி பக்கம் இருப்பவர்களும் மனுஷர்கள்தான்.

மலையடிவாசி (சத்துவாச்சாரி):

அண்ணா, நீங்கள் சொன்ன இந்தப் பக்கத்தை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. சங்கத்துக் கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டுகிறேன்.

தாய்க் குரங்கை வனத்துறை ஆட்கள் மதியம் வந்து எடுத்துப் போனார்கள். ஒருவர் மதிலில் இருந்தவற்றைக் கம்பால் தரையைத் தட்டித் தள்ளி நிறுத்த, இன்னொருவர் வலையைப் போட்டுச் சாக்கால் கண்ணை மூடினார். மூடியவுடன் அது திமிறுவதை நிறுத்திவிட்டது. குட்டியைப் பிரிக்கவில்லை, ஒரே கூண்டில்தான் கொண்டுபோனார்கள். வண்டி கிளம்பியதும் மொத்தக் கூட்டமும் மதில் மேலேயே தெருமுனை வரை கூட ஓடியது. பாட்டியின் மகனும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காட்பாடிப் பெண் (வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன்):

பிடித்து வேறு இடத்தில் விடுவதைப் பெரிய அளவில் செய்து பார்த்த ஊர் டெல்லி. 2007-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நகரத்துக் குரங்குகளை அசோலா பட்டி சரணாலயத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அவற்றுக்குத் தேவையான பழமரங்கள் இல்லை. அரசே பழமும் காய்கறியும் வாங்கிப் போட வேண்டி வந்தது, அப்படியும் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் போயின. நகரத்திலும் குரங்கு தீரவில்லை. குப்பையும் பிரசாதமும் அப்படியே இருந்தால், காலியான இடத்துக்குப் பக்கத்துக் கூட்டம் வந்துவிடுகிறது.

இன்னொன்று, நாட்டுக்குரங்குக் கூட்டத்தில் மந்திகள், அதாவது பெண் குரங்குகள், பிறந்த கூட்டத்திலேயே ஆயுளுக்கும் இருக்கும். அம்மா, பெண், பேத்தி, சித்தி என்று பெண்வழிக் குடும்பம் அது. கடுவன்கள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். கூண்டில் எது மாட்டுகிறதோ அதைப் பிடித்துப் போனால் குடும்பம் அறுந்துபோகிறது. பால்குட்டி மாடியில் நிற்கும், தாய் அமிர்தியில் நிற்கும். முன்பின் தெரியாத குரங்குகளை ஒரே கூண்டில் திணித்தால் வழியிலேயே ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொள்ளும். கிழிந்த முகமும் அறுந்த வாலுமாக எங்களிடம் சிகிச்சைக்கு வருபவற்றில் இப்படிப் பிடிபட்டவையும் உண்டு.

இதையும் சொல்ல வேண்டும். "குரங்கு பெருத்துவிட்டது" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் நாட்டுக்குரங்கு இந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே இருக்கிற இனம், உலகில் வேறெங்கும் கிடையாது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யூ.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் முன்பு கவலையில்லை என்று இருந்ததை இப்போது அழியும் வாய்ப்புள்ள இனம் என்று மாற்றிவிட்டார்கள். கர்நாடகத்தில் மைசூர்ப் பக்கம் சாலையோரக் கூட்டங்களைப் பல வருஷம் தொடர்ந்து எண்ணியவர்கள், பாதிக்கும் மேல் காணாமல் போனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் சாலையோர ஆலமரங்களை வெட்டியது. நம் பெங்களூர் நெடுஞ்சாலையில் வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை இருந்த புளியமரங்களை நினைத்துப் பாருங்கள். மரத்தில் இருந்தவை எங்கே போயிருக்கும்? கோயிலுக்கும் மாடிக்கும்தான். மற்ற இடங்களில் குறைந்து, நம் கண்ணெதிரே மட்டும் நெருக்கமாக நிற்கின்றன.

பேரணாம்பட்டு கடலைக்காடு:

தங்கச்சி, நீ படித்ததைச் சொல்கிறாய், சரி. கருத்தடை என்கிறார்களே, அதைக் கேட்கிறேன். கருத்தடை செய்த குரங்கு கடலை தின்னாதா?

குடியாத்தம் டாக்டர் (ஓய்வு, கால்நடை):

தின்னும். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது நல்லது, ஏனென்றால் பலரும் இதை மறைத்துப் பேசுகிறார்கள். கருத்தடை இன்றைக்கு இருக்கிற ஒரு வாயைக்கூடக் குறைக்காது. இனிமேல் பிறக்கப் போவதைத்தான் தடுக்கும். நல்ல தீனி கிடைத்தால் குரங்கு இருபது வருஷத்துக்கு மேல்கூட வாழும். அதனால் பலன் தெரிய வருஷங்கள் ஆகும்.

இருந்தும் நான் அதைத்தான் சொல்வேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

காட்டில் தானாகத் தீனி தேடும் மந்தி பல நேரம் ஒரு வருஷம் விட்டுத்தான் குட்டி போடும், அந்தக் குட்டிகளிலும் கணிசமானவை முதல் வருஷம் தாண்டாது. பொரியும் பழமும் பிஸ்கட்டும் தினம் கிடைக்கிற மந்தி வருஷா வருஷம் போடும், பெரும்பாலும் பிழைத்தும் விடும். மாசி, பங்குனியில் கோயில் படிகளில் பாருங்கள், மடியில் கருப்பாக ஒன்று இல்லாத மந்தியைப் பார்ப்பது அரிது. ஆக எண்ணிக்கையை ஏற்றுவது நாம் போடும் தீனி. அந்தத் தீனியை நிறுத்தாமல் கருத்தடை மட்டும் செய்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான்.

இமாச்சலப் பிரதேசத்தில் 2007-இலிருந்து செய்கிறார்கள். அங்கே இருப்பது செம்முகக் குரங்கு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. 2004-இல் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை 2015 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்துச் சொச்சமாக வந்தது. அப்படியும் அங்கே விவசாயிகள் புகார் நிற்கவில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன். தெலங்கானாவில் நிர்மல் பக்கம் 2020 டிசம்பரில் குரங்குகளுக்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். பிடித்து, கருத்தடை செய்து, திரும்ப விடுவதற்கு. தென்னிந்தியாவில் அதுதான் முதல்.

செய்முறை இதுதான். கூண்டில் பிடித்த அன்றோ மறுநாளோ மயக்க ஊசி. மரத்தில் இருக்கும் குரங்கைத் துப்பாக்கியால் மயக்க ஊசி போட்டுப் பிடிப்பது எனக்குச் சம்மதமில்லை. சின்ன உடம்பு, ஊசி எலும்பில் பாயும், மயங்கி மேலேயிருந்து விழுந்தால் செத்தும் போகும். மந்திக்கு வயிற்றில் சிறு துளை போட்டு, குழாய்க் கருவி விட்டு, கருக்குழாயைச் சுட்டு அடைப்பது. காயம் விரல் நுனி அளவுதான், சீக்கிரம் ஆறும். கடுவனுக்கு விந்துக் குழாயை மட்டும் அடைக்கிறார்கள், விதையை எடுப்பதில்லை. எடுத்தால் சுரப்பு போய்விடும், கூட்டத்தில் அதன் மதிப்பு போய்விடும், வெளிக் கடுவன் உள்ளே புகுந்து சண்டையாகும். அடையாளத்துக்குப் பச்சை குத்துவார்கள். பிறகு பிடித்த அதே இடத்தில், அதே கூட்டத்தோடு விட வேண்டும். பால் கொடுக்கிற தாயைக் குட்டியில்லாமல் பிடித்துவிட்டால் அப்போதே திறந்து விட்டுவிட வேண்டும்.

மந்திகளுக்கு முதலில் செய்ய வேண்டும். கூட்டத்தில் பத்துக் கடுவன் இருந்து ஒன்பதுக்குச் செய்தாலும் மிச்சம் ஒன்று போதும், எல்லா மந்தியும் குட்டி போட. மந்திகளில் பெரும்பகுதிக்கு, அதுவும் ஒரு கூட்டத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற மாதிரி செய்தால்தான் கணக்கு இறங்கும். அங்கே நாலு, இங்கே நாலு என்று செய்து போட்டோ எடுத்துக்கொள்வதில் பயன் இல்லை.

கடலைக்கு நீங்கள் இப்போதே செய்யக்கூடியது சூரிய மின்வேலி. விட்டு விட்டு வரும் துடிப்பு மின்சாரம் என்பதால் சுளீரென்று அடிக்குமே தவிரக் கொல்லாது. இமாச்சலத்தில் குரங்குக்காகவே மானியம் கொடுத்துப் போடுகிறார்கள். ஆனால் வேலிக்கு மேல் தொங்குகிற மரக்கிளையை வெட்டாவிட்டால் கிளை வழியாக இறங்கிவிடும். தயவுசெய்து யாரும் மோட்டார் லைனிலிருந்து நேராக இழுத்துக் கட்டாதீர்கள். குரங்கோடு சேர்த்து, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷர்களையும் அது கொன்றிருக்கிறது. தீனிக்குள் நாட்டு வெடி வைக்கும் அவுட்டுக்காயும் அப்படித்தான். பன்றிக்கு வைத்ததை மாடு கடித்துத் தாடை சிதறி வந்தால் எந்த டாக்டராலும் ஒட்டவைக்க முடியாது. அந்த மாட்டின் கண்ணைப் பார்த்தவர்கள் மறுபடி அதை வைக்க மாட்டார்கள்.

சோளிங்கர் அடிவாரம்:

எனக்கு நரசிம்மர் கோயில் இருக்கும் பெரிய மலை அடிவாரத்தில் தேங்காய், பூ, பொரி கடை. அப்பா காலத்திலிருந்து இதுதான் பிழைப்பு. 1,305 படி ஏறுகிறவர்கள் கையில் கம்பு வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள், குரங்குக்காக. ரோப் கார் வந்த பிறகும் படி ஏறும் கூட்டம் இருக்கிறது.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். பாலித்தீன் பை சரசரக்கிற சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடும். கண்ணாடியைப் பிடுங்கும். பிடுங்கிக்கொண்டு ஓடாமல் மேலே உட்கார்ந்து பார்க்கும். பழம் எறிந்தால் கண்ணாடியைக் கீழே போடும். இதை அதற்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான். குட்டிகளும் தாயைப் பார்த்து அதையே செய்கின்றன.

பக்தர்கள் போடுவது வேண்டுதல். பக்கத்துச் சின்ன மலையில் ஆஞ்சநேயர் இருக்கும்போது குரங்குக்குப் போடாதே என்று நான் எப்படிச் சொல்வேன் என்று ரொம்ப நாள் இருந்தேன். இப்போது பொரியைக் குரங்குக்கென்று கேட்டு வருபவர்களிடம், "சாமி, அதுக்குப் போடறது அதுக்கே கெடுதல், அன்னதான உண்டியல்ல போடுங்க" என்று சொல்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள். வியாபாரம் குறைந்தது உண்மை. ஆனால் போன சித்திரையில் ஒரு குழந்தையின் கன்னத்தைக் கீறிவிட்டது. அந்தத் தாய் என் கடை வாசலில்தான் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு அந்தப் பொட்டலத்தை நீட்ட எனக்குக் கை வரவில்லை.

டாக்டர் ஐயா, ஒரேயடியாகத் தீனியை நிறுத்தினால் இன்னும் மூர்க்கமாக வராதா?

குடியாத்தம் டாக்டர் (ஓய்வு, கால்நடை):

வரும். ஆரம்பத்தில் கொஞ்ச நாள் கூடுதலாகப் பிடுங்கும். அந்த நேரத்தில் ஊர் பயந்துபோய் மறுபடி போட ஆரம்பித்தால், "இன்னும் முரட்டுத்தனம் செய்தால் கிடைக்கும்" என்று அதற்குப் பாடம் ஆகிவிடும். அதனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், ஆனால் பின்வாங்கக் கூடாது. பக்தர் கூட்டம் குறைவான மாதத்தில் தொடங்குங்கள். மூடியுள்ள, தாழ்ப்பாள் போட்ட குப்பைத் தொட்டி முதலில் வர வேண்டும். ஹாங்காங்கில் காம் ஷான் மலைப் பகுதியில் 1999-இலேயே குரங்குக்குத் தீனி போடுவதைத் தடை செய்து, 2007-இலிருந்து கருத்தடையும் சேர்த்துச் செய்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் பிறப்பு குறைந்தது. நீங்கள் கடையில் சொல்கிற அந்த ஒரு வார்த்தை நான் போடும் பல தையல்களுக்குச் சமம் ஐயா.

அருணை கிரிவலம்:

வட ஆர்க்காட்டுக்காரர்கள் பேசும்போது திருவண்ணாமலையை விட முடியுமா? 1989 வரை நாங்களும் உங்கள் மாவட்டம்தான்.

ரமண மகரிஷி விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், கூட்டத்துத் தலைவன் கடித்துக் குற்றுயிராகக் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வைத்தியம் பார்த்தார். கால் ஊனம் ஆகிவிட்டது, நொண்டி என்று பெயர். கொஞ்ச நாளில் கூட்டம் அந்தப் பக்கம் வந்தபோது நொண்டியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் அதுவே தலைவனானது என்று ஆசிரமத்தில் சொல்வார்கள். நான் சொல்ல வருவது, காயம் ஆறியதும் அது தன் கூட்டத்துக்குப் போனது. வைத்தியம் பார்த்தவர் கட்டிப்போட்டு வளர்க்கவில்லை. இன்று குட்டிக் குரங்கு கிடைத்தால் சட்டை போட்டு, பால் புட்டி கொடுத்து வீடியோ எடுக்கிறார்கள். அது பெரிதாகிக் கடித்ததும் எங்கேயாவது கொண்டுபோய் விடுகிறார்கள். வேறு கூட்டம் அதைச் சேர்க்காது, அடித்தே கொன்றுவிடும். நெஞ்சு பதறுகிறது.

காட்பாடிப் பெண் (வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன்):

ரொம்பச் சரி சார். சிகிச்சைக்கு வைத்திருக்கும் நாட்களிலும் பெயர் வைத்துக் கொஞ்சக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். கூண்டைத் துணியால் மூடி, ஒரே ஆள் தீனி வைக்க வேண்டும், கையால் ஊட்டக் கூடாது. காசநோய் மனுஷரிடமிருந்து குரங்குக்கு ஒட்டும், அதனால் முகக்கவசம் நம்முடைய பாதுகாப்புக்கு மட்டுமல்ல. கூட்டத்தை விட்டுப் பிரிந்திருக்கும் நாள் கூடக் கூடத் திரும்பச் சேர்வது கஷ்டம். ஆறியவுடன் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஆம்பூர் பைபாஸ்:

குரங்கைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். கோடை வந்தால் எங்கள் பக்கம் புள்ளிமான் பிரச்சினை. தண்ணீர் தேடிக் காப்புக்காட்டிலிருந்து இறங்கி வருகிறது. நாய் துரத்துகிறது, நெடுஞ்சாலையில் வண்டி அடிக்கிறது. போன வருஷம் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து நாய்களிடமிருந்து ஒன்றைக் காப்பாற்றினோம். தொடையில் கடி, பெரிய காயம்கூட இல்லை. தண்ணீர் தெளித்தோம், ஊரே திரண்டு பார்த்தது. வனத்துறை வருவதற்குள் செத்துவிட்டது. இவ்வளவு சின்னக் காயத்துக்கு ஏன் சாக வேண்டும் என்று இன்னும் புரியவில்லை.

குடியாத்தம் டாக்டர் (ஓய்வு, கால்நடை):

தம்பி, மானைக் கொல்வது பல நேரம் காயம் இல்லை, பயம். உயிருக்குப் பயந்து ஓடும்போது தசையில் அமிலம் தேங்கும். பிடிபட்ட பிறகும் பயம் அடங்காமல் திமிறிக்கொண்டே இருந்தால் உடம்புச் சூடு ஏறி, தசை நார்கள் உடைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து பின்னால் வளையும், பின்னங்கால் நிற்காது, சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். சில மான்கள் அன்றைக்குத் தேறிய மாதிரி நின்று, சில நாள் கழித்துத் திடீரென்று சரிந்துவிடும். இந்தக் கட்டம் வந்தபின் காப்பாற்றுவது அபூர்வம்.

ஆகவே மானுக்கு முதல் சிகிச்சை இருட்டும் அமைதியும். ஒரு துண்டால் கண்ணைக் கட்டுங்கள், மூக்கை மூடாமல். நெஞ்சுப் பக்கம் கீழே இருக்க நிமிர்த்தி உட்காரவையுங்கள். பக்கவாட்டில் சாய்த்துப் போட்டால் அசை போடுகிற வயிறு உப்பி மூச்சு முட்டும். கொம்புள்ள கலைமானாக இருந்தால் தள்ளியே நில்லுங்கள். நிழலில் வைத்து, உடம்பு சுட்டால் ஈரச் சாக்கைக் கால்களில் போடலாம். பேசாதீர்கள், தடவிக்கொடுக்காதீர்கள். நமக்கு அது ஆறுதல், மானுக்கு அது புலியின் கை. இரண்டு பேர் தவிர எல்லோரையும் அனுப்பிவிடுங்கள். போட்டோ வேண்டவே வேண்டாம். அடிபடாமல் வழி தவறி வந்த மான் என்றால் பிடிக்கவே முயற்சி செய்யாதீர்கள். நாயைக் கட்டி, காட்டுப் பக்கம் வழியைத் திறந்து விட்டு, இருட்டும்வரை பொறுத்திருந்தால் தானே போய்விடும்.

மலையடிவாசி (சத்துவாச்சாரி):

சங்கக் கூட்டம் நடந்தது. பேரணாம்பட்டு அண்ணன் எழுதியதை வாசித்தேன், வக்கீல் சார் எழுதியதையும் வாசித்தேன். கூண்டு ஆட்களுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. மாவட்ட வன அலுவலருக்குக் கருத்தடை கேட்டு மனு தயார் செய்கிறோம். டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி வேலியும் கம்பிகளுக்கு உறையும் கேட்டு மின்வாரியத்துக்குத் தனி மனு. தெருமுனைக் கறிக்கடைக் கழிவும் ஓட்டல் எச்சில் இலையும் இனி திறந்த தொட்டியில் விழக் கூடாது என்று பேசினோம், அதில்தான் சண்டை பெரிதாக இருந்தது. பாட்டியின் மகன் எழுந்து போய்விட்டார். அவர் கோபம் நியாயமானது. மாடிக்கு வலைக்கம்பி அடிக்கும் செலவைச் சங்கம் ஏற்கும் என்று சொல்லியிருக்கிறோம், இன்னும் பதில் சொல்லவில்லை.

கை எடுத்த குரங்கு தேறி வருகிறதாம். குட்டி பால் குடிக்கிறதாம்.

பேரணாம்பட்டு கடலைக்காடு:

நல்லது தம்பி. டாக்டர் சார், நான் கேட்க நினைத்தது ஒன்று. என் நிலத்தில் மொட்டைக் கிணறு இருக்கிறது, தாத்தா வெட்டியது, சுற்றுச்சுவர் கிடையாது. ராத்திரியில் மான் விழுகிறது. ஒரு தடவை மரநாய் நீந்தி நீந்திக் களைத்துச் செத்துக் கிடந்தது. சுவர் எழுப்ப இப்போது கையில் காசு இல்லை. அதுவரை என்ன செய்யலாம்?

குடியாத்தம் டாக்டர் (ஓய்வு, கால்நடை):

சுவர் வரும்வரை இலந்தை முள்ளோ வேலிகாத்தான் முள்ளோ வெட்டி, விளிம்பிலிருந்து இரண்டு அடி தள்ளிச் சுற்றிலும் இடுப்புயரத்துக்கு அடைத்துவிடுங்கள். ஓரத்தில் முளைத்திருக்கும் புல்லையும் செடியையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள், மான் அதை மேயத்தான் விளிம்புக்கு வருகிறது, விளிம்பு மறைவதும் அதனால்தான். கிணற்றுக்குள் கிளையோடு கூடிய நீண்ட மரம் ஒன்றைத் தண்ணீர் வரை சாய்த்து, மேல்முனையைக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கிளைக் கணுக்களைச் செதுக்காமல் விட்டால் மரநாய், உடும்பு, குரங்கு எல்லாம் பிடித்து ஏறி வந்துவிடும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மரத்தையும் இறக்கிக் கட்ட வேண்டும். மான் அதில் ஏறாது. மான் விழுந்தால் தீயணைப்பு நிலையத்துக்கும் வனத்துறைக்கும் சொல்லிவிட்டு, மோட்டாரை நிறுத்துங்கள். யாரும் உள்ளே எட்டிப் பார்த்துச் சத்தம் போடக் கூடாது. நீந்திக்கொண்டிருந்தால் உலர்ந்த வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டிக் கீழே விடுங்கள், அதில் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு ஆள் வரும்வரை தாங்கும்.